கணக்கில் தெரியாத பிடித்தம், கார்டில் வராத சரக்கு: தென்னாப்பிரிக்காவில் பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும், கேள்வி கேட்டவரின் கணவருடைய பெரியம்மாவுக்கு மாதாமாதம் கணக்கிலிருந்து 99 ராண்ட் போகிறது. யார் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. பழைய கார்டை ரத்து செய்து புதுக் கார்டு வாங்கியும் நிற்கவில்லை. கேட்டவருக்கும் தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. தீபாவளிக்கு வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் கிரெடிட் கார்டு போட்டு 2,850 ராண்டுக்குப் புடவைகள் வாங்கினார். சரக்கு வந்து சேரவில்லை. வங்கிக் கிளையில் போய்ச் சொன்னால் "கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு பணத்தையும் எப்படி மீட்பது? பெரியம்மாவின் கணக்கையே மூடிவிடலாமா?

நான் இங்கே ஒரு வங்கியில் இந்தப் புகார்களைக் கையாளும் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பணம் எந்த வழியாக வெளியே போனது என்பதைக் கண்டுபிடிக்காமல் வங்கிக்குப் போகாதீர்கள். டெபிட் ஆர்டராக (நம் அனுமதி இருப்பதாகச் சொல்லி ஒரு நிறுவனம் நம் கணக்கிலிருந்து தானே எடுக்கும் பிடித்தம்) போனதா, கார்டு வழியாகப் போனதா, நாமே அனுப்பினோமா என்பதைப் பொறுத்து விதி, கெடு, கேட்க வேண்டிய ஆள் எல்லாமே மாறும். நியாயம் தன் பக்கம் இருந்தும் பணத்தை விட்டவர்களில் பாதிப்பேர், தவறான வழியில் புகார் கொடுத்து கெடுவைத் தாண்டியவர்கள்தான்.

முதலில் பெரியம்மா விஷயம். கார்டை மாற்றியும் ஏன் நிற்கவில்லை? டெபிட் ஆர்டருக்குக் கார்டு தேவையே இல்லை. கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் தெரிந்தால் போதும், எடுப்பவர் தன் வங்கி வழியாக உங்கள் வங்கியிடம் பணம் கேட்பார். கார்டை ஆயிரம் முறை மாற்றினாலும் கணக்கு எண் அதேதானே.

போனில் வரும் குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம், கடைசி 3 மாத ஸ்டேட்மெண்ட்டை முழுதாக எடுங்கள். 99 ராண்ட் இருக்கும் வரியைப் பாருங்கள். கார்டில் நடந்ததென்றால் கடைப் பெயர், ஊர், கார்டின் கடைசி இலக்கங்கள் என்று ஏதாவது ஒட்டியிருக்கும். டெபிட் ஆர்டர் என்றால் உயிரெழுத்தெல்லாம் உதிர்ந்துபோன ஒரு சுருக்கப் பெயரும், பின்னாலேயே நீளமான ஒப்பந்த எண்ணும் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆனால் அது வங்கிகளுக்கு இடையே பதிவான பெயர். அதை வைத்து எடுப்பவரின் முழுப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வங்கி உங்களுக்குச் சொல்ல முடியும். கேட்டு வாங்குங்கள். தொகை மாறினாலும் தேதி மாறினாலும் அந்த ஒப்பந்த எண்தான் உங்கள் பிடி.

99 என்ற தொகையே சந்தேகத்துக்குரியது. பல வங்கிகள் 100 ராண்டுக்குக் குறைந்த பிடித்தத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பாமல் இருந்த காலத்தில், அதற்கு ஒரு ராண்ட் கீழே நின்று ஆயிரக்கணக்கான கணக்குகளில் கை வைத்த கும்பல்கள் உண்டு. நாட்டின் செய்தித்தாள்களில் "99 ராண்ட் மோசடி" என்றே பெயர் வாங்கியது அது. பெரியம்மாவின் கணக்கில் குறுஞ்செய்திக்கான வரம்பை இன்றைக்கே பூஜ்யத்துக்கு இறக்கச் சொல்லுங்கள்.

ஆனாலும் திருட்டு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. அது ஈமச்சடங்குக் காப்பீடாக இருக்குமா? இந்த ஊரில் அது இல்லாத வீடு குறைவு. பெரியப்பா உயிரோடு இருந்தபோது போட்டதாகவோ, மகன் அம்மா பெயரில் எடுத்ததாகவோ இருக்கலாம். யாரோ தொலைபேசியில் அழைத்து இனிமையாகப் பேச, பெரியம்மா எல்லாவற்றுக்கும் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லியிருக்கலாம். ஒலிப்பதிவில் இருக்கும் அந்த "ஆமாம்" கூட இங்கே செல்லுபடியாகும் அனுமதிதான். மேண்டேட் (பிடித்தத்துக்கான அனுமதி) என்றாலே கையெழுத்துப் போட்ட காகிதம் என்று நினைத்துக்கொண்டு "நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே" என்று வாதாடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வாதம் நிற்காது. உண்மையான காப்பீட்டின் சந்தாவை "நான் அனுமதிக்கவில்லை" என்று திருப்பினால் என்ன ஆகும்? சந்தா கட்டாத பாலிசியாகக் காலாவதியாகும். பத்து வருஷம் கட்டியது ஒரு பொத்தானில் போய்விடும். அது தெரியவரும் நாள் வீட்டில் சாவு விழுந்த நாளாக இருக்கும். ஆகவே குடும்பத்தில் எல்லோரையும் ஒரு சுற்று விசாரித்துவிட்டு, வங்கி தரும் எண்ணில் அந்த நிறுவனத்தையும் அழைத்து "இது என்ன ஒப்பந்தம், அனுமதியின் நகலை அனுப்புங்கள்" என்று கேளுங்கள். நேர்மையான நிறுவனம் என்றால் அனுப்பிவிடும். இழுத்தடித்தாலோ, போனையே எடுக்காவிட்டாலோ உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இந்த விசாரணையை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். காரணம், கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரண டெபிட் ஆர்டரைப் பணம் போன தேதியிலிருந்து 40 நாளுக்குள் டிஸ்பியூட் செய்தால், அதாவது பிடித்தத்தை மறுத்துப் புகார் கொடுத்தால், வங்கி அதிகம் விசாரிக்காமல் பணத்தைத் திருப்பிப் போட்டுவிடும். அந்தக் காலம் தாண்டினால், எடுத்தவரிடம் அனுமதிக்கான சான்றைக் கேட்டு, அது வந்து, அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று வேலை நீளும். அதற்காகப் பழைய மாதங்களை விட்டுவிடாதீர்கள். அண்மைய பிடித்தத்தை உடனே திருப்பச் சொல்லுங்கள், பழையவற்றுக்குச் சான்று கேட்டு எழுத்தில் கொடுங்கள். இரண்டையும் ஒரே புகாரில் குழைத்தால் எளிதாகக் கிடைக்க வேண்டியதும் சேர்ந்து தாமதமாகும்.

டிஸ்பியூட் செய்வது நடந்து முடிந்த பிடித்தத்தைத் திருப்பும். ஸ்டாப் பேமெண்ட் இனி வரப்போவதைத் தடுக்கும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றது தானாக நடக்கும் என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் 25ஆம் தேதி சம்பளமோ பென்ஷனோ விழுந்த கையோடு மறுபடி 99 போயிருக்கும். திருட்டுக் கூட்டம் தொகையை 98 என்றோ 99.50 என்றோ மாற்றி, தடையைத் தாண்டி வரவும் பார்க்கும். எனவே தடை போடும்போது தொகையை மட்டும் சொல்லாமல், எடுப்பவரின் அந்தச் சுருக்கப் பெயரையும் ஒப்பந்த எண்ணையும் வைத்துத் தடுக்கச் சொல்லுங்கள். இவற்றுக்குச் சில வங்கிகள் கட்டணம் போடும். பெரும்பாலும் செயலியில் செய்தால் குறைவு, கிளையில் செய்தால் கூடுதல். மோசடி என்று தெரிந்தபின் அந்தக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்கலாம். கேட்டால்தான் தருவார்கள்.

இதில் டெபிசெக் என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் போடும்போதே உங்கள் வங்கி போனுக்கு ஒரு செய்தி அனுப்பி, யார், எவ்வளவு, எந்தத் தேதி, அதிகபட்சம் எவ்வளவு என்று காட்டி ஒப்புதல் கேட்கும். பணம் இருந்தும் டெபிட் ஆர்டரைத் திருப்பிவிட்டுக் கடனை ஏய்ப்பவர்கள் பெருகியதும் இது வந்ததற்கு ஒரு காரணம். முன்பிருந்த நேடோ, ஏடோ என்ற இரண்டு டெபிட் ஆர்டர் முறைகள் 2021இல் முடிந்து அந்த இடத்துக்கு இது வந்தது. டெபிசெக்கில் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டபடி எடுக்கப்பட்டால் "நான் அனுமதிக்கவில்லை" என்று சொல்லித் திருப்ப முடியாது. ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் எடுத்தால்தான் கேட்கலாம். பெரியம்மா மாதிரி வயதானவர்கள் போனில் எது வந்தாலும் 1ஐ அழுத்திவிடுவார்கள். அவருடைய வங்கிச் செயலியில் டெபிசெக் பட்டியலைத் திறந்து இந்த 99 அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது சாதாரண டெபிட் ஆர்டர், உங்கள் வேலை சுலபம். ஒப்புதல் பதிவு தேவைப்படாத அந்தச் சாதாரண வழி இன்னும் திறந்தே இருப்பதால்தான் திருடர்கள் அதிலேயே வருகிறார்கள்.

பெரியம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறதென்றால் ஒரு வார்த்தை. சஸ்ஸா (அரசு உதவித்தொகைகளை வழங்கும் அமைப்பு) தன் கையாலேயே உதவித்தொகையில் பிடிக்க அனுமதி இருப்பது ஈமச்சடங்குக் காப்பீட்டுக்கு மட்டும்தான், அதுவும் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. உதவித்தொகையில் கடன், ஏர்டைம் (போன் ரீசார்ஜ்) என்று கண்டபடி பிடித்த பெரிய அநியாயத்துக்குப் பிறகு, பிளாக் சாஷ் என்ற மனித உரிமை அமைப்பும் மற்றவர்களும் போராடி வந்த கட்டுப்பாடு அது. ஆனால் பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பிறகு நடப்பதை, எல்லோருக்கும் போல வங்கி வழியாகத்தான் தீர்க்க வேண்டும். சஸ்ஸா வாசலில் காலையிலிருந்து வரிசையில் நிற்க வைத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் புடவை. இதில் வங்கிக் கிளைக்காரர் சொன்னது பாதி சரி. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதோடு வங்கியின் கடமை முடிந்துவிடாது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் சார்ஜ்பேக் என்ற ஏற்பாடு உண்டு. உங்கள் வங்கி கடைக்காரரின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும், கடைக்காரர் சரக்கு அனுப்பியதற்குச் சான்று காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பணம் உங்களுக்கு. இது சட்டம் கிடையாது, கார்டு நிறுவனங்களின் உள்விதி. அதனால்தான் கிளையில் இருப்பவருக்குப் பல நேரம் தெரிவதில்லை. கிளையை விட்டுவிட்டு, கார்டின் பின்னால் இருக்கும் எண்ணை அழைத்து "சரக்கு வரவில்லை, கார்டு டிஸ்பியூட் படிவம் வேண்டும்" என்று கேளுங்கள். டெபிட் கார்டில் வாங்கியிருந்தாலும் இதே வழிதான். ஒரே வித்தியாசம், அதில் முடிவு வரும்வரை வெளியே நிற்பது உங்கள் சொந்தக் காசு.

பொதுவாக 120 நாள் கெடு. சரக்கு வராத வழக்கில் அது வாங்கிய நாளிலிருந்து தொடங்காது, வந்து சேர வேண்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். கடைக்காரர்களின் தந்திரமே இங்கேதான். "சுங்கத்தில் இருக்கிறது", "இன்னும் இரண்டு வாரம்" என்று மாறி மாறிச் சொல்லி கெடுவைக் கரைப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி, வேறு தேதி பேசிக்கொள்ளாவிட்டால் ஆர்டர் போட்ட 30 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் 7 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்து ரத்து செய்யலாம். வெளிநாட்டுக் கடை நம் சட்டத்துக்குப் பயப்படுமா என்றால் பயப்படாது. ஆனால் அந்த ரத்து மின்னஞ்சல்தான் உங்கள் டிஸ்பியூட்டுக்கு முதுகெலும்பு. நான் பார்த்த புகார்களில் ஜெயித்தவை எல்லாவற்றிலும் அப்படி ஒரு தாள் இருந்தது.

படிவத்தோடு கதை எழுதாதீர்கள். கோபம், தீபாவளி வீணானது, மாமியார் சொன்னது எதுவும் வேண்டாம். "இன்ன தேதியில் இன்ன கடையில் 2,850 ராண்டுக்கு வாங்கினேன். இன்ன தேதிக்குள் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. இன்ன தேதியில் எழுத்தில் ரத்து செய்தேன். பணம் திரும்பவில்லை." இந்த நான்கு வரியும், ஆர்டர் உறுதிச் செய்தியும், ரத்து மின்னஞ்சலும் போதும். காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். சீக்கிரம் முடியும் என்று யாராவது "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவேயில்லை என்று சொல்லிவிடு" என்பார்கள். வங்கி உங்கள் ஓடிபியையும் டெலிவரி முகவரியையும் எடுத்து மேசையில் வைக்கும். அதன்பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இடையில் பணம் தற்காலிகமாகக் கணக்கில் வரலாம். அதைச் செலவழித்துவிட வேண்டாம். கடைக்காரர் ஏதோ ஒரு டிராக்கிங் எண்ணைக் காட்டினால் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். அப்படி நடந்தால் அந்த எண்ணைச் சரிபாருங்கள். வேறு ஊருக்குப் போன ஏதோ ஒரு பொட்டலத்தின் எண்ணைக் கொடுப்பது பழைய வித்தை. அதைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுத உங்களுக்கு இடம் உண்டு.

கிரெடிட் கார்டு என்பதால் இன்னொரு கவசமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் எண் தேசியக் கடன் சட்டத்தில் 111ஆம் பிரிவு. கடன் கணக்கில் எழுதப்பட்ட எந்தப் பதிவையும் நீங்கள் எழுத்து மூலம் மறுக்கலாம். மறுத்தால் கடன் கொடுத்தவர் அதை விவரமாக விளக்கியோ, தவறு என்று ஒப்புக்கொண்டோ எழுத்தில் பதில் தர வேண்டும். அதைத் தரும்வரை அந்தப் பதிவை வைத்து உங்கள் மேல் வசூல் நடவடிக்கை தொடங்க முடியாது. புகாரில் "111ஆம் பிரிவின்படி இந்தப் பதிவை மறுக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், பதிலின் தொனியே மாறும். மறுக்காத மிச்சத் தொகையை மட்டும் தவறாமல் கட்டிவிடுங்கள். அதையும் நிறுத்தினால் நியாயம் உங்கள் பக்கமிருந்து நழுவிவிடும். துணிக்கடைக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே பிரிவு பொருந்தும். கேட்காமலே கிளப் சந்தா, மாத இதழ், கார்டு காப்பீடு என்று 30, 40 ராண்டாக ஒட்டவைத்திருப்பார்கள். ஒருநாள் அந்த ஸ்டேட்மெண்ட்டையும் உட்கார்ந்து படியுங்கள்.

சில சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் நிலையம், ஹோட்டல், வாடகைக் கார் இவற்றில் "பெண்டிங்" என்று நிற்கும் தொகை இன்னும் எடுக்கப்படவில்லை, பெரும்பாலும் சில நாளில் தானே நீங்கிவிடும். ஸ்பீட்பாயிண்ட் இயந்திரம் "டிக்ளைண்ட்" என்று சொல்லி மறுபடி தேய்த்தார்கள் என்றால் அந்த டிக்ளைண்ட் சீட்டைக் கசக்கிப் போடாதீர்கள், இரண்டு முறை பிடித்ததற்கு அதுதான் சாட்சி. இணையச் சந்தாக்கள் புதுக் கார்டு வந்தாலும் அதில் தொடரக்கூடும், சந்தாவைத்தான் ரத்து செய்ய வேண்டும். ஜிம் ஒப்பந்தம் போன்றவற்றை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி 20 வேலைநாள் முன்னறிவிப்பில் முறிக்கலாம், நியாயமான ரத்துக் கட்டணம் கேட்பார்கள். ஆனால் முறிக்காமல் டெபிட் ஆர்டரை மட்டும் திருப்பிவிட்டால் பாக்கி ஏறி, கடன் வரலாற்றைப் பதியும் கிரெடிட் பியூரோவில் உங்கள் பெயர் கெடும்.

பேஷாப் (உடனடிப் பணப் பரிமாற்றம்) வழியாகவோ இஎஃப்டி (வங்கிக்கு வங்கி மின்னணுப் பரிமாற்றம்) வழியாகவோ நீங்களே தவறான ஆளுக்கு அனுப்பிய பணத்துக்கு இந்த வழிகள் எதுவும் கிடையாது. வாங்கியவர் சம்மதித்தால்தான் திரும்பும். ஏமாற்றிப் பறித்தார்கள் என்றால் அந்த நிமிஷமே வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்து, போன கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகு காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்குங்கள், அங்கேயே காசு கொடுக்காமல் சத்தியப் பிரமாணப் பத்திரமும் முத்திரை போட்டு வாங்கலாம். வங்கிக்காரன் என்று சொன்னவனிடம் ஓடிபியைக் கொடுத்திருந்தால் வங்கி "உங்கள் கவனக்குறைவு" என்றுதான் தொடங்கும். நீங்கள் அழைத்துச் சொன்ன நேரத்துக்குப் பிறகும் பணம் போயிருந்தால் நிலைமை வேறு. ஆகவே அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அடையாள எண்ணும் வெளியே போயிருந்தால் எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை.

வங்கி மறுத்துவிட்டால்? மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு தேசிய நிதி ஆம்புட் (குறைதீர்ப்பாளர்) திட்டத்துக்குப் போகலாம். முன்பு தனித்தனியாக இருந்த வங்கி, கடன், ஆயுள் காப்பீடு, பொதுக் காப்பீடு ஆம்புட்கள் 2024 மார்ச் 1 முதல் இந்த ஒரே அமைப்பாகிவிட்டன. புடவை வங்கி வழக்கு, பெரியம்மாவுடையது ஒருவேளை காப்பீட்டு வழக்கு, இரண்டுக்கும் வாசல் இப்போது ஒன்றே. இலவசம்தான். வக்கீல் வேண்டாம். ஆனால் வங்கியிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ முறையாகப் புகார் கொடுத்த ரெஃபரன்ஸ் எண் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே தொலைபேசியில் பேசும் ஒவ்வொரு முறையும் எண்ணையும் பேசியவர் பெயரையும் வாங்குங்கள். உள்ளூர்க் கடைக்காரர் மேல் என்றால் சிறு வழக்கு நீதிமன்றமும் உண்டு, 20,000 ராண்ட் வரை, அங்கேயும் வக்கீல் கிடையாது. வெளிநாட்டுப் புடவைக் கடைக்கு அது உதவாது.

கடைசியாக, பெரியம்மாவின் கணக்கையே மூடிவிட்டுப் புதுக் கணக்கு திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். உதவித்தொகையைப் புதுக் கணக்குக்கு மாற்ற சஸ்ஸாவில் படிவம் கொடுத்து, அது ஏறும்வரை ஒரு மாதப் பணம் எங்கே விழும் என்று தெரியாமல் அலைய நேரிடும். அவருடைய உண்மையான காப்பீட்டுச் சந்தாவும் பழைய கணக்கில் தட்டி நிற்கும். முதலில் 99ஐ டிஸ்பியூட் செய்து, தடை போட்டு, அடுத்த இரண்டு பென்ஷன் தேதிகளைப் பாருங்கள். வேறு வேறு பெயர்களில் புதிது புதிதாக வர ஆரம்பித்தால் கணக்கு எண் விற்பனைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது மாற்றுங்கள், பழையதை உடனே மூடாமல் புதியதில் முதல் உதவித்தொகை விழுந்த பிறகு.